எஸ்தர் மறுத்த வசனம்

எஸ்தர் ஏற்க மாட்டேன் என்று சொன்ன வசனம் அன்று மதியமே அவள் பின்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்துச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். வசனம் சாக்கடை ஓரமாக ஊர்ந்து, தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைக் கடந்து, ஒரு மினிலாரிக்கு வழிவிட்டு, அவள் வீட்டு வாசற்படி ஏறி உள்ளே வந்து சுவரோரம் படுத்தது. ஒன்றரை முழ நீளம் இருந்தது. விரல் அகலம். தள்ளி நின்று பார்த்தால் எறும்புச் சாரை மாதிரி இருந்தது; கிட்டப் போனால் எழுத்துகள் தெரிந்தன. சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது, எதையாவது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் வீட்டில் கணவனைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற வசனம் அது. எஸ்தரின் கணவன் ராமராஜன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அதைப் பார்த்துக் காலை மடக்கிக்கொண்டான். எஸ்தர் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, வசனம் சொல்கிறபடியே அவனைக் கேட்டாள்.

“இத இன்னா பண்றது?”

“எனக்கு இன்னாமே தெரியும்? நீதான பைபிள் படிக்கிறவ,” என்றான் ராமராஜன். பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

அந்தச் சபைக்கென்று தனி ஆயர் கிடையாது. ஆயர் சத்யராஜ் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்ச் சபைகளைப் பார்த்துக்கொள்கிறவர். மாதம் ஒரு முறை மோட்டார் சைக்கிளில் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் சபையாரில் ஒருவர் பிரசங்கம் செய்யலாம் என்பது வழக்கம். ஒருவர் என்றால் ஆண் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. மூப்பர் வீரபத்திரன்தான் எல்லா வருடமும் பேசினார். எஸ்தர் வேதம் வாசிப்பாள். வாசித்து முடித்துப் புத்தகத்தை விரித்தபடியே விட்டு இறங்கி உட்காருவாள். அவர் ஏறி, அவள் வாசித்ததை அப்படியே விட்டுவிட்டு, குடியைப் பற்றியும் செல்போனைப் பற்றியும் பேசுவார். சாயப்பட்டறையில் எஸ்தரோடு வேலை பார்த்த சுகாசினி நெஞ்சு அடைத்துச் செத்துப்போனபோது, அடக்கத்தன்று அவளைப் பற்றிச் சொல்ல எஸ்தரிடம் வார்த்தைகள் இருந்தன. வீரபத்திரன் அங்கேயும் குடியைப் பற்றித்தான் பேசினார். சுகாசினி ஒரு நாளும் குடித்தவள் இல்லை. கல்லறை வாசலிலேயே எஸ்தர் தீர்மானித்துவிட்டாள். அடுத்த திருவிருந்து முடிந்ததும் ஆயரிடம் நேராகப் போய், எனக்கு ஒரு ஞாயிறு கொடுங்கள், நான் பேச வேண்டும் என்று கேட்டாள். ஆயர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். எதைக் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

வீரபத்திரன் யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கான பகுதியை அவரே தேர்ந்தெடுத்து, அந்த வசனம் நடுவில் வரும்படி பார்த்துக்கொண்டார். அவள் வாயாலேயே அவள் வாயை அடைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். எஸ்தர் வாசித்துக்கொண்டே வந்தாள். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். மனதுக்குள் ஒரு முறை படித்துவிட்டு நிமிர்ந்து, “இந்த வசனத்த நான் ஏத்துக்கல,” என்று சாதாரணக் குரலில் சொன்னாள். அதற்கடுத்த வசனத்திலிருந்து தொடர்ந்தாள். வசனம் தாளை விட்டு எழுந்து, பீடத்தின் காலைப் பற்றி இறங்கி, அவள் காலருகே வந்து நின்றது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். புத்தகத்தில் அது இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. சிலர் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். செல்போனில் வசனம் இருக்கத்தான் செய்தது. சபையார் அதைக் கணக்கில் வைக்கவில்லை. சார்ஜ் தீர்ந்தால் ஆதியாகமத்திலிருந்தே இல்லாமல் போகிற புத்தகத்தை எப்படி நம்புவது என்றார்கள்.

திங்களன்று வசனம் அவளோடு சாயப்பட்டறைக்கும் வந்தது. சைக்கிள் கேரியரில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாயப்பட்டறைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. புது நூலாக வருகிற பட்டு விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கும், பூச்சியின் பசை அதில் ஒட்டியிருப்பதால். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் பசை போய்விடும். எது எதோடு ஒட்டியிருந்தாலும் கொதியில் பிரிந்துவிடும் என்று அவர்கள் நினைப்பார்கள். வேறு தொழில்காரர்களுக்கு இந்த யோசனை தோன்றியிருக்காது. எஸ்தர் வசனத்தை இரண்டு கையாலும் எடுத்து, கொதிக்கிற அண்டாவில் போட்டு, பட்டுக் கற்றையைப் புரட்டுகிற கழியால் புரட்டினாள். எழுத்துகள் கரைந்து தண்ணீர் கறுக்கும் என்று எதிர்பார்த்தாள். பட்டறை முதலாளி சிட்டிபாபு ஓடி வந்தார்.

“ஏம்மா எஸ்தரு, எந்த அண்டாவுல எதைப் போட்டுக்கினு இருக்கிற? முகூர்த்தப் புடவைக்கு நூலு அடுத்து எறங்குது. கறுப்பு ஒட்டிச்சின்னா பொண்ணு வூட்டுக்காரன் என்னியத் தூக்கி இந்த அண்டாவுல போடுவான்!”

“கறுப்பு எறங்கலண்ணா. நீங்களே பாருங்க.”

தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வசனத்தை வெளியே எடுத்தபோது ஒரு புள்ளிகூட உதிர்ந்திருக்கவில்லை. விறைப்பு மட்டும் போயிருந்தது. பசை எடுத்த பட்டு போல மெத்தென்று கையில் வழிந்தது, பளபளத்தது. மற்றக் கற்றைகளோடு கழியில் காயப் போட்டபோது தெருவில் போகிறவர்களால்கூட அதை வாசிக்க முடிந்தது. சிட்டிபாபு கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல மினுமினுப்பு என்றார். அவருடைய மதம் வேறு. அவருக்கு அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

அந்த வாரம் எஸ்தர் வீட்டுக்கு வந்த முதல் ஆள் மூப்பரின் மனைவி பட்டம்மாள். உள்ளே வந்து, வசனத்தைக் குனிந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்சமும் மிரளவில்லை. எஸ்தருக்கு ஆச்சரியமாக இருந்தது.

“பயமா இல்லியா பெரிம்மா?”

“இன்னாத்துக்குப் பயம்? சோறு கேக்குமா, தண்ணி கேக்குமா? எங்க வூட்டுப் பரண்ல ஒண்ணு எத்தினி வருசமா கெடக்குது. கல்யாணம் ஆயி வந்த மறு வருசம் வந்தது.” பட்டம்மாள் குரலைத் தணித்துக்கொண்டாள். “காணிக்க போடறதுக்கு முன்னாடி தம்பிகூட சண்டன்னா போய்ச் சமாதானம் ஆயிட்டு வந்து போடுன்னு ஒண்ணு வருமே, அது. அவரு தம்பிகூட பேசறதில்ல பாரு. நான் தொடப்பத்தால ஒட்டட அடிக்கச் சொல்லோ ஓரமா ஒதுங்கிக்கும். நல்ல சாதி.”

அப்போதுதான் எஸ்தருக்குத் தெரிந்தது. அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் சபையார் வீடுகளில் முக்கால்வாசியில் ஒரு வசனமாவது இருந்தது. பீரோவுக்குப் பின்னால், மாவு டப்பாவுக்கு அடியில், தறிக்குழிக்குள். தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருவரும் நினைத்து, விருந்தாளி வந்தால் அதன்மேல் துணியைப் போட்டார்கள். வாயால் மறுக்காமல், கடைப்பிடிக்காமல் மட்டும் விட்ட வசனங்கள்; வார நாட்களில், யாரும் பார்க்காதபோது, பின் வாசல் வழியாக வந்து சேர்ந்தவை. சபை நடுவில் எல்லோர் கண்ணெதிரிலும் இறங்கி நடந்தது எஸ்தருடையது மட்டும்தான். வீரபத்திரனுக்குக் கோபமும் அதில்தான்.

ஆயர் சத்யராஜ் சனிக்கிழமை மாலை சபைக் கூட்டம் போட்டார். எஸ்தர் பீடம் ஏறலாமா, கூடாதா என்று அன்றே முடிவு செய்ய வேண்டியிருந்தது. கூடாது என்று ஆகிவிட்டால் வேதம் வாசிப்பதும் இனி இல்லை என்று வீரபத்திரன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எஸ்தர் வேலைச் சேலையோடு வந்து, நீலக் கறை போகாத கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். வசனம் அவள் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. வீரபத்திரன் எழுந்தார்.

“சாமி குடுத்த புஸ்தகம் ஐயா இது. கத்திரிக்கா கடையா, சொத்தைய ஒதுக்கிட்டு நல்லத மட்டும் அள்ளிக்கினு போறதுக்கு? இன்னிக்கு இவ இத எடுத்தா, நாளைக்கு ஒருத்தன் பொய் சொல்லாதன்றத எடுப்பான். அதுக்கு அடுத்த நாளு அட்டைதான் மிஞ்சும். வெறும் அட்டைய வெச்சிக்கினு எவனுக்கு ஞானஸ்நானம் குடுப்பீங்க?”

அது நியாயமான பேச்சு. எஸ்தருக்கும் அப்படித்தான் பட்டது. அந்த வாரம் முழுக்க அண்டாவின் முன்னால் நின்று அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கொதி கூடிப்போனால் பசையோடு பட்டும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுந்தாள்.

“மூப்பரே, உயிர்த்தெழுந்த சேதிய மொதல்ல யாராண்ட சொல்லி அனுப்பிச்சாரு? போய்ச் சொல்லுன்னு ஒரு பொம்பளையாண்டதான? அவ வாய மூடிக்கினு வூட்டுக்குப் போயி, புருசன் வரட்டும் கேட்டுக்கலாம்னு இருந்திருந்தா உங்களுக்கு ஏது ஈஸ்டரு? அதுவும் இதே புஸ்தகத்துலதான் இருக்குது. நான் வெளியேந்து ஒண்ணும் எடுத்தாரல.”

“அது வேற, இது வேற.”

பட்டம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தாள். “அப்ப நம்ம வூட்டுப் பரண்ல கெடக்குதே, அது இன்னா, அதுவும் வேறயா?”

சபை திரும்பிப் பார்த்தது. வீரபத்திரனின் கழுத்து சிவந்தது. ஆனால் அவர் பின்வாங்குகிறவர் இல்லை. “இருக்குது. இல்லன்னு சொல்லல. ஆனா நான் அத ஏத்துக்கலன்னு என்னிக்காவது சொன்னனா? ஏத்துக்கினுதான் செய்யாம இருக்கேன்!”

“நான் ஏத்துக்காம செய்யாம இருக்கேன்,” என்றாள் எஸ்தர். “ரெண்டும் வூட்லதான் கெடக்குது மூப்பரே. நான் தெரியறாப்போல வெச்சிருக்கேன், அவ்ளோதான்.”

இதற்குள் சுருண்டு கிடந்த வசனம் நீண்டுகொண்டது. சுவரில் ஏறியது. டியூப்லைட்டைத் தாண்டி, கூரையைத் தாங்கும் பெரிய உத்தரத்துக்குப் போய், அங்கே இருந்த ஒரு கறையான் கோட்டின் பக்கத்தில் உடம்போடு உடம்பாகப் படுத்துக்கொண்டது. அந்தக் கோடு சபை கட்டிய காலம் முதல் இருப்பது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெள்ளையடிக்கும்போது வீரபத்திரன் தானே ஏணியில் ஏறி அதைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, மேலே சுண்ணாம்பு பூசுவார். பொங்கலுக்குள் அது திரும்ப வந்துவிடும். இப்போது வசனத்தின் பளபளப்பு பட்டதும் கறையான் கோட்டிலும் எழுத்துகள் தெரிந்தன. வீரபத்திரன் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து ஏறினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். வேலைக்காரர்கள் எஜமானுக்குப் பயந்து நடுங்கிக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனம் அது.

இறங்கி வந்து பீடத்துப் புத்தகத்தில் அந்த இடத்தைப் புரட்டினார். வெள்ளையாக இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் பலமுறை திருப்பியிருக்கிறார்; அங்கே எதுவும் இல்லை என்பதைப் பார்த்ததில்லை. அங்கே கூடியிருந்த எல்லோருடைய தாத்தாக்களும் பிறர் நிலத்தில் சோற்றுக்கு உழைத்தவர்கள். எந்த ஞாயிறு என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு ஞாயிறு அவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த வசனத்தை வேண்டாம் என்றிருக்கிறார்கள். திங்களன்று சேற்றில் இறங்காமல் தறிக்கும் ரயில்வேக்கும் அரிசி மில்லுக்கும் போயிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் அத்தனை பேர் பின்னாலும் போக முடியாத வசனம் கட்டடத்திலேயே தங்கிவிட்டது. வீரபத்திரன் புத்தகத்தை மூடவில்லை. அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“எங்க தாத்தா செஞ்சது சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன்,” என்றார். “அவரு செஞ்சதாலதான் நான் இந்தத் தெருவுல செருப்புக் காலோட நடந்து வந்து இங்க நிக்கிறேன். அது எனக்குத் தெரியுது. ஆனா ஒண்ணு. இவ பேசற அன்னிக்கு நான் உள்ள உக்கார மாட்டேன்.”

ஆயர் சத்யராஜ் தன் பைக்குள் இருந்த சொந்த வேதப்புத்தகத்தைத் தொட்டார். எடுத்துத் திறந்து பார்க்கத் துணியவில்லை. “நாளைக்கு எனக்கு ஏனாத்தூர்ல திருவிருந்து. நீ பேசும்மா,” என்றார். அவர் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான் என்று சபையில் இன்னும் சொல்கிறார்கள்.

மறுநாள் எஸ்தர் பீடம் ஏறினாள். எந்த வசனத்தில் பேசப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் குனிந்து, உத்தரத்திலிருந்து இறங்கி வந்து காலருகில் கிடந்த வசனத்தை எடுத்து, சேலைத் தலைப்பை உதறி விரிக்கிற மாதிரி உதறி, புத்தகத்தின் குறுக்கே போட்டாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசித்தாள். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. பிறகு சொன்னாள்: “இது இருக்குது. இல்லன்னு நான் சொல்லல. இத நான் ஏத்துக்கல. ஏன்னு சொல்றேன், கேளுங்க.” சுகாசினியில் ஆரம்பித்தாள். ஈஸ்டர் காலையில் கல்லறைக்குப் போன பெண்களிடம் வந்தாள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றாள். வெளியே சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் வீரபத்திரன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் மைக் கீச்சென்று கத்தியது. மைக் அவர் பொறுப்பு. எழுந்து உள்ளே வந்து, அவளைப் பார்க்காமல் ஆம்ப்ளிஃபயரின் திருகைச் சரிசெய்துவிட்டு, திரும்பவும் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு வருடங்கள் போயின. எஸ்தர் மாதத்தில் இரண்டு ஞாயிறு பேசினாள். ஒவ்வொரு முறையும் முதலில் அதை வாசித்துவிட்டுத்தான் பேசினாள். வீரபத்திரன் பயந்தபடி அட்டை மட்டும் மிஞ்சவில்லை. பொய் சொல்லக் கூடாது என்பதை டீக்கடை வைத்திருந்த யுவன் ஒரு ஞாயிறு சபை நடுவில் எழுந்து மறுத்துத்தான் பார்த்தான். அது அவன் பின்னால் போய்க் கடையின் பால் பாத்திரத்துக்கு மேலே சுவரில் படுத்துக்கொண்டது. டீ குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அதை வாசித்துவிட்டுப் பாலைப் பார்த்தார்கள். பத்து நாளில் அவனே அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து புத்தகத்தில் விட்டான். மறுத்ததோடு கூடவே வாழ வேண்டும், ஊர் பார்க்க வாழ வேண்டும் என்று தெரிந்த பிறகு யாரும் விளையாட்டாக மறுக்கவில்லை. வீட்டில் ஒளித்து வைத்திருந்தவர்கள் மட்டும் மெல்ல மெல்ல வெளியே எடுத்தார்கள். வீரபத்திரனுடையது பரணிலிருந்து இறங்கி, அவர் ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டது. தம்பி வீட்டுத் தெரு வருகிறபோது தலையைத் தூக்கிப் பார்க்கும். அவர் வண்டியை வேகமாக ஓட்டுவார்.

ஆயர் சத்யராஜ் ஓய்வுபெற்று, தூரத்து ஊரிலிருந்து புது ஆயர் ஒருவர் வந்தார். முதல் ஞாயிறு பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தவர், வாசலில் செருப்புகளுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்த்து, தூக்கிய காலோடு நின்றுவிட்டார். சைக்கிள் கொட்டகையில் இன்னும் வெளியேயே உட்கார்ந்திருந்த மூப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவோரம் உட்கார்ந்திருந்த பட்டம்மாள்தான் கையசைத்து உள்ளே கூப்பிட்டாள்.

“எங்களுதுதான் ஐயா, ஒண்ணும் பண்ணாது. மிதிக்காம சீக்கிரம் வாங்க, எஸ்தரு பேச ஆரமிச்சிட்டா.”